இளங்கோவடிகளும் நிமித்திகனும்

சிலப்பதிகாரத்தைப் பாடம் சொல்லும் ஆசிரியர் பெரும்பாலோர் நூலாசிரியரின் வரலாற்றிலிருந்தே தொடங்குவர். அவ்வரலாறு மேடைகளிலும் மாணவர் கட்டுரைகளிலும் ஏறத்தாழ ஒரே வடிவில் வழங்குகிறது. சேர மன்னன் அவையில் வீற்றிருக்கிறான். மூத்தவன் செங்குட்டுவன் ஒருபுறம், இளையவன் மறுபுறம். சோதிடன் ஒருவன் வந்து சாதகத்தைப் பார்த்து, இளையவனே நாடாள்வான் என்கிறான். அண்ணன் முகம் வாடுகிறது. தம்பி அப்பொழுதே துறவு பூணுகிறான். கதை சுவையானது, பிள்ளைகள் மறப்பதில்லை. ஆயினும் இக்கதையில் நூலுக்கு உரியது எவ்வளவு, நாம் சேர்த்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது நம் கடமை. அக்கடமையில் நானே தவறியவன். அதைச் சொல்லிவிட்டு ஆராய்ச்சிக்குள் புகுவதே முறை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், அப்பொழுது பணியாற்றிய தோட்டப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு இக்கதையை நாடகமாக எழுதினேன். சோதிடனாக நடித்த சிறுவனுக்குப் பஞ்சுத் தாடி ஒட்டி, கையில் பஞ்சாங்கம் கொடுத்து, அட்டையில் பன்னிரண்டு கட்டமும் வரைந்து கொடுத்தேன். அவன் கட்டத்தைத் தொட்டுப் பலன் சொல்லும்போது திரைக்குப் பின்னே முரசு அதிர்ந்தது. தோட்டத்து மக்கள் நன்றாகக் கைதட்டினார்கள்.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், ஆறாம் ஆண்டு முடித்த மாணவன் ஒருவன் இடைநிலைப் பள்ளியில் சேரவில்லை என்று கேள்விப்பட்டு, அவன் வீட்டுக்குச் சென்றேன். கணக்கில் வகுப்பிலேயே முதல்வன் அவன். தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுபவர். "ஐயா, பையன் சாதகத்தில் நாலாம் இடம் கெட்டிருக்கிறதாம். படிப்பு ஏறாது என்று சொல்லிவிட்டார்கள்," என்றார். நான் அதை மறுத்துப் பேசத் தொடங்கினேன். அவர் பணிவு குறையாமலே என்னை நிறுத்தினார். "இளங்கோவடிகளே சோதிடர் வாக்கு பலித்துவிடும் என்று பயந்துதானே துறவுக்குப் போனார்? நீங்கள்தானே ஐயா நாடகம் போட்டுக் காட்டினீர்கள்?" என்று கேட்டார்.

எனக்கு விடை வரவில்லை. அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

நூல் கூறுவது யாது?

இளங்கோவடிகளின் துறவு பற்றிய செய்தி மூன்று படிகளில் நமக்கு வந்துள்ளது. மூன்றும் ஒன்றல்ல.

முதற்படி பதிகம். அது, அரசு துறந்து குணவாயிற் கோட்டத்தில் இருந்த சேரர் குலத்து இளங்கோ என்ற அளவில் நிற்கிறது. துறவுக்குக் காரணம் கூறவில்லை.

இரண்டாம் படி, நூலின் இறுதியில் உள்ள முப்பதாம் காதையாகிய வரந்தரு காதை. பத்தினித் தெய்வம் தேவந்தியின்மேல் தோன்றி, அடிகளைப் பார்த்தே அவர் வரலாற்றைக் கூறுகிறது. வஞ்சி நகரத்து மணிமண்டபத்தில் தந்தையின் அருகே இருந்தபோது, அரசு வீற்றிருக்கும் 'திருப்பொறி' உனக்கு உண்டு என்று ஒருவன் உரைத்தான். அவனைச் சினந்து நோக்கினாய். அண்ணன் செங்குட்டுவனின் துயர் நீங்குமாறு, துறவோர் முன்னிலையில் மண்ணாளும் பாரத்தை நீக்கினாய். முடிவில்லாத இன்பத்தை ஆளும் அரசன் ஆனாய். தெய்வத்தின் கூற்றுக்கு இதுவே பொருள்.

மூன்றாம் படி உரை. பதிகத்துக்கு உரை எழுதும் அடியார்க்குநல்லார், பொறி கண்டு உரைத்தவனை நிமித்திகன் என்று குறித்து, நிகழ்ச்சியை விளக்குகிறார். 1892இல் உ. வே. சாமிநாதையர் அரும்பதவுரையையும் அடியார்க்குநல்லார் உரையையும் சேர்த்துச் சிலப்பதிகாரத்தை அச்சிட்டபின், உரைச் செய்தி நூற்செய்தியைப் போலவே எங்கும் பரவியது.

இம்மூன்று படிகளிலும் சாதகம் இல்லை; பன்னிரண்டு கட்டம் இல்லை; பஞ்சாங்கமும் இல்லை. உள்ளது பொறி. பொறியாவது உடம்பில் அமைந்த இலச்சினை. அதனைக் கண்டு உரைப்பது உடற்குறி நூலின் வேலை. பிறந்த நேரத்தையும் கோள்களின் நிலையையும் கொண்டு பலன் உரைக்கும் சாதக நூல் வேறு. என் நாடகத்தில் வந்த சோதிடரை நானே அழைத்து வந்து அவையில் நிறுத்தினேன் என்பதே உண்மை.

இவ்விடத்தில் மற்றொன்றும் சொல்ல வேண்டும். செங்குட்டுவனைப் பரணர் பாடிய பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் இளங்கோ என்ற தம்பியைப் பற்றிய குறிப்பு இல்லை. அதனால் இத்தம்பி வரலாற்றையே ஐயுறும் அறிஞரும் உளர். ஆகவே வகுப்பில் இதைக் கூறும்போது, 'சிலப்பதிகாரம் தரும் செய்தி' என்று கூறுவதே நேர்மை.

நிமித்தமும் சாதகமும்

நிமித்தம் தமிழர்க்குப் பழைமையானது. புள் நிமித்தம், விரிச்சி, கனவு, விண்வீழ்கொள்ளி ஆகியவை சங்கப் பாடல்களில் நிரம்ப உள்ளன. புறநானூற்று 229ஆம் பாடலில் கூடலூர் கிழார், பங்குனியில் ஒரு விண்மீன் எரிந்து வீழ்ந்ததைக் கண்டு, யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குத் தீங்கு நேரும் என்று அஞ்சினார். ஏழாம் நாள் அரசன் இறந்தான் என்று வருந்திப் பாடுகிறார். திருமணத்துக்குத் திங்களும் உரோகிணியும் கூடிய நாளைத் தேர்ந்ததை அகநானூற்று 86ஆம் பாடலிலும் 136ஆம் பாடலிலும் காண்கிறோம். இவையெல்லாம் நாளும் குறியும் பார்த்தல். ஒருவன் பிறந்த நாழிகையைக் கொண்டு அவன் வாழ்வு முழுவதையும் எழுதிவைக்கும் முறையை இப்பாடல்களில் காணோம்.

அம்முறையின் பிறப்பிடம் வேறு. பாபிலோனியரின் ஆப்பெழுத்துப் பலகைகளில் கிடைத்த பிறப்புக் குறிப்புகளுள் மிகப் பழையவை கி.மு. 410ஐச் சேர்ந்தவை. அக்கலை எகிப்தில் குடியேறிய கிரேக்கரிடம் வளர்ந்து, கடல் வழியே இந்தியாவுக்கு வந்தது. 'யவன ஜாதகம்' என்ற வடமொழி நூலின் பெயரே அதற்குச் சான்று. டேவிட் பிங்கிரி 1978இல் அந்நூலைப் பதிப்பித்து, அதன் மூலம் கி.பி. 149–150 அளவில் மொழிபெயர்க்கப்பட்டது என்றார். 2013இல் பில் மாக் அக்காலக் கணிப்பை மறுத்து எழுதினார். காலத்தில் கருத்து வேறுபாடு உண்டே தவிர, யவனர் தொடர்பில் ஐயம் இல்லை. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரரும் இக்கலையில் வல்ல யவனரைப் போற்றியே எழுதினார்.

நம் மொழியில் 'ஓரை' என்ற சொல்லின் நிலையும் எண்ணத்தக்கது. சங்கப் பாடல்களில் அது மகளிர் விளையாட்டைக் குறிக்கிறது. தொல்காப்பியக் களவியலிலோ 'நாள்' என்பதோடு சேர்ந்து வருகிறது. அங்கே முகூர்த்தம் என்று உரை கொள்வர். அது கிரேக்க 'ஹோரா' என்ற சொல்லின் வடிவமா, தமிழ்ச் சொல்லேயா என்ற வழக்கு நீண்ட காலமாக நடைபெறுகிறது. எது எவ்வாறாயினும், நிமித்திகன், கணியன், சாதகம் கணிப்பவன் ஆகிய மூவரையும் ஒருவராக்கி விடுவது வரலாற்றுப் பிழை.

கணியன் என்றதும் பூங்குன்றனார் நினைவுக்கு வருகிறார். நாள் கணிக்கும் தொழிற்பெயரைத் தம் பெயரில் தாங்கிய அப்புலவரே, புறநானூற்று 192ஆம் பாடலில், தீமையும் நன்மையும் பிறர் தர வருவன அல்ல என்ற கருத்தை வைத்தார். ஆற்று நீர் வழிச் செல்லும் புணைபோல உயிர் முறைவழிச் செல்லும் என்றும் அவரே கூறினார். கணிப்பவர் வாயிலிருந்தே இத்தெளிவு வந்தது நமக்குப் பெருமை.

காப்பியத்தில் நாளும் வினையும்

இளங்கோவடிகள் நிமித்தத்தை நம்பாதவர் என்று நிறுவ நான் முயலவில்லை. அவ்வாறு நிறுவவும் முடியாது. இந்திரவிழாவின் முடிவில் கண்ணகியின் கண் இடப்புறமும் மாதவியின் கண் வலப்புறமும் துடிக்கின்றன. கண்ணகி தீக்கனாக் காண்கிறாள். ஆயர் சேரியில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை. இவையனைத்தும் வரப்போவதை முன்னே காட்டுகின்றன. ஆனால் நாளுக்கும் குறிக்கும் அடிகள் எத்துணை இடம் கொடுத்தார் என்பதே நாம் காண வேண்டியது.

முதற் காதையைப் பாருங்கள். கண்ணகி திருமணம் திங்கள் உரோகிணியைச் சேர்ந்த நன்னாளில் நடைபெறுகிறது. முதுபார்ப்பான் மறைநெறி காட்டுகிறான். மங்கல மகளிர் வாழ்த்துகின்றனர். நாள் பார்த்ததில் ஒரு குறையும் இல்லை. இருந்தும் கோவலன் அவளைப் பிரிந்து மாதவியிடம் செல்கிறான். நல்ல நாள் ஒன்றே நல்வாழ்வைத் தந்துவிடுமாயின், சிலப்பதிகாரம் மூன்றாம் காதைக்குமேல் சென்றிருக்காது.

அடுத்துக் கனாத்திறம் உரைத்த காதை. தோழி தேவந்தி கண்ணகிக்குப் பரிகாரம் கூறுகிறாள்: காவிரி கடலொடு கலக்கும் இடத்தே சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகள் உள்ளன, அவற்றில் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவனோடு கூடி இன்புறலாம் என்கிறாள். கண்ணகி அதனை ஏற்கவில்லை. அது தனக்குப் பெருமை ஆகாது என்று ஒரே சொல்லால் மறுத்துவிடுகிறாள். பரிகாரம் செய்யாமலே கோவலன் அப்பொழுதே வாயிலில் வந்து நிற்கிறான்.

இனிக் கட்டுரை காதை. மதுரை எரிந்தபின் மதுராபதித் தெய்வம் கண்ணகிமுன் தோன்றுகிறது. ஆடித் திங்கள், தேய்பிறை எட்டாம் நாள், கார்த்திகை, வெள்ளிக்கிழமை கூடிய அன்று மதுரை எரியுண்ணும், அரசும் கேடுறும் என்று ஒரு பழவுரை உண்டு என்கிறது. தெய்வம் இதனோடு நிறுத்தியிருந்தால் காப்பியம் வெறும் நாட்பலன் ஆகியிருக்கும். அது மேலும் பேசுகிறது. முற்பிறப்பில் கோவலன் பரதன் என்னும் பெயரினனாய், சிங்கபுரத்துக் கடைவீதியில் சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பழிசுமத்திக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலியின் சாபம் இன்று வந்து விளைந்தது என்கிறது. பழவுரை அறிவித்தது எரியும் நாள் மட்டுமே. கோவலன் இறந்ததற்குக் காரணம் அவன் வினை. பாண்டியன் வீழ்ந்ததற்குக் காரணம் ஆராயாது அளித்த தீர்ப்பு. ஒருவன் செய்தது அவனைத் தொடர்ந்து வரும் என்பதே அடிகள் கூறும் ஊழ். அதில் செய்தவனுக்குப் பொறுப்பு உண்டு. கோள் எங்கோ நின்றதால் குழந்தைக்குக் கல்வி இல்லை என்ற தீர்ப்பிலோ எவருக்கும் பொறுப்பு இல்லை. இவ்விரண்டையும் 'விதி' என்ற ஒரே சொல்லால் நாம் மூடிவிடுகிறோம்.

கணக்குக்கு உரிய இடம்

வான்கணக்கையே இகழ்வது என் கருத்தன்று. வரலாற்றுக்கு அக்கணக்குச் செய்த உதவி பெரிது. சோழர் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டு, திங்கள், கிழமை, விண்மீன் எல்லாம் வருகின்றன. அவற்றைக் கணக்கிட்டே கீல்ஹார்ன் என்ற செருமானிய அறிஞர், முதலாம் இராசராசன் கி.பி. 985ஆம் ஆண்டு சூன் 25க்கும் சூலை 25க்கும் இடையே அரசேற்றான் என்று காட்டினார். அவன் பிறந்த மீன் சதயம் என்பதும் கல்வெட்டால் அறிவோம். பிறந்த ஆண்டோ உறுதிப்படவில்லை. ஆண்டே உறுதியில்லாத அரசனுக்குக் கட்டம் வரைந்து, இன்ன கோள் உச்சம் பெற்றதால் பெரிய கோயில் எழுப்பினான் என்று எழுதுவோரும் இருக்கின்றனர். வாழ்க்கையை முதலில் தெரிந்துகொண்டு, அதற்குப் பொருந்தக் கட்டத்தைப் பின்னர் அமைப்பது கணிதமும் ஆகாது, வரலாறும் ஆகாது.

சிலப்பதிகாரத்தின் காலத்தையும் இவ்வாறு கணிக்க முயன்றனர். 'இந்திய எபிமெரிஸ்' என்ற பெருநூலை 1922இல் வெளியிட்ட எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை, மதுரை எரிந்த நாளையும் அடியார்க்குநல்லார் தரும் நாட்குறிப்புகளையும் கொண்டு கி.பி. 756 என்ற முடிவுக்கு வந்தார். அவருடைய கணித ஆற்றலில் குறை காண நமக்குத் தகுதி இல்லை. ஆனால் கணிதம் எவ்வளவு சரியாயினும், அதற்குக் கொடுக்கப்பட்ட செய்தி உறுதியாக இருத்தல் வேண்டும். ஆடித் தேய்பிறை எட்டாம் நாளில் திங்கள் கார்த்திகையை ஒட்டி வருவது இயல்பு. அது வெள்ளிக்கிழமையில் அமைவது ஏழில் ஒரு பங்கு. ஒரு நூற்றாண்டுக்குள்ளேயே இத்தகைய நாள் பலமுறை வரும். பல நாட்களுள் ஒன்றைப் பிரித்தெடுக்க உதவியவை உரைகாரர் தந்த குறிப்புகள். உரைகாரரோ காப்பியத்துக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டவர். அவர் தாமே கணித்து எழுதியதை நிகழ்ச்சிக் குறிப்பாகக் கொள்ள இயலாது.

கிழமைப் பெயரைக் காட்டிக் காப்பியம் பிற்காலத்தது என்பாரும் உளர். இந்தியக் கல்வெட்டுகளில் கிழமை குறித்த பழைய சான்று, கி.பி. 484ஐச் சேர்ந்த புதகுப்தனின் ஏரண் தூண் கல்வெட்டு. மறுபக்கத்தில், வரந்தரு காதை கூறும் இலங்கைக் கயவாகுவை மகாவம்சம் கூறும் முதலாம் கயவாகுவாகக் கொண்டு, செங்குட்டுவனை இரண்டாம் நூற்றாண்டில் வைப்பர். கதை நிகழ்ந்த காலம் வேறு, நூல் எழுந்த காலம் வேறு என்று கொண்டால் இரு சாராரின் சான்றுகளுக்கும் இடம் உண்டு. மாணவர்க்கு நாம் தர வேண்டியது இச்சான்றுகளை எடை போடும் பழக்கமே.

பலித்ததா, பொய்த்ததா?

இனி அந்தத் தகப்பனார் கேட்ட வினாவுக்கு வருவோம். அடிகள் அஞ்சித் துறந்தாரா?

நூல் அவ்வாறு கூறவில்லை. பொறி உண்டு என்று உரைத்தவனை அவர் சினந்து நோக்கினார் என்கிறது. அஞ்சியவன் சினப்பதில்லை. துறந்ததற்கு நூல் தரும் காரணம் அண்ணனின் துயர் நீங்க வேண்டும் என்பதே. பலன் உண்மையா பொய்யா என்று ஆராய்ந்துகொண்டு அவர் நிற்கவில்லை. அச்சொல் அண்ணன் உள்ளத்தைப் புண்படுத்திவிட்டது. அப்புண்ணை ஆற்றத் தம்மால் ஆவது யாது என்றே எண்ணினார். வருவதுரைப்பான் சொல்லுக்கும் நிகழ்ச்சிக்கும் இடையே ஒரு மனிதனின் அன்பும் துணிவும் புகுந்தன. சேர நாட்டு அரியணை அண்ணனுக்கே நின்றது.

அவ்வாறாயின் பொறி பொய்யா? இங்கேதான் அடிகளின் நுட்பம் விளங்குகிறது. முடிவில்லா இன்பத்தை ஆளும் அரசன் என்று தெய்வத்தின் வாயால் தம்மைச் சொல்ல வைக்கிறார். அரசாட்சி என்ற சொல் அப்படியே இருக்கிறது. ஆளப்படும் நாடு மாறிவிட்டது. அதை மாற்றியவர் அடிகளே. குறி ஒன்று உண்மையாகவே இருந்தாலும், அதன் பொருளை முடிவு செய்வது வாழ்பவன் செய்யும் தேர்வு என்பதே இதனால் நாம் பெறும் கருத்து.

இதைக் கூறுவது எத்தெய்வம் என்றும் எண்ணுங்கள். அன்று பரிகாரத்தை மறுத்த கண்ணகியே இன்று பத்தினித் தெய்வமாகி நிற்கிறாள். அவள் பேசுவது, அன்று பரிகாரம் கூறிய தேவந்தியின் வாயால். குண்டத்தில் மூழ்க மறுத்தவள், அரியணையில் ஏற மறுத்தவரைப் போற்றுகிறாள். இருவரும் பிறர் காட்டிய எளிய வழியைத் தள்ளிவிட்டுத் தம் நெறியில் நின்றவர்கள். காப்பியத்தின் தொடக்கப் பகுதியையும் இறுதிப் பகுதியையும் இணைக்கும் இப்பொருத்தத்தை வகுப்பில் எடுத்துக் காட்டினால், உயர்வகுப்பு மாணவர் தாமே மேலும் பல பொருத்தங்களைக் கண்டு கூறுவர்.

இதன்பின் அடிகள் உலகோரை நோக்கி அறவுரை கூறிக் காப்பியத்தை முடிக்கிறார். பொய்யை அஞ்சுதல், புறஞ்சொல்லாமை, நன்றி மறவாமை, தானம் செய்தல், தீயோர் நட்பை நீக்குதல், பொய்ச்சான்று கூறாமை எனப் பட்டியல் நீள்கிறது. நாள் பார், கோள் பார் என்ற அறிவுரை அதில் ஒன்றேனும் இல்லை. தம் வாழ்வையே ஒரு குறிச்சொல் திருப்பிவிட்டது என்று எழுதிய ஒருவர், பிறர்க்குச் சொல்லும் இறுதி உரையில் குறி பார்க்கச் சொல்லவில்லை. நம் ஆசிரியர்கள் இதை விடாமல் கூற வேண்டும்.

அந்த மாணவனைப் பற்றியும் சொல்லி முடிக்கிறேன். மறுவாரம் நான் நூலோடு அவன் வீட்டுக்குச் சென்றேன். தகப்பனார் நான் கூறியவற்றைப் பொறுமையாகக் கேட்டார். பின்னர், நகரத்துப் பள்ளிக்குப் பேருந்துக் கட்டணம் மாதம் எவ்வளவு ஆகும், சீருடை எவ்வளவு ஆகும் என்று கணக்குச் சொன்னார். வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகள். சாதகம் அவருக்கு ஒரு மறைப்பாக இருந்தது என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன். 'இயலவில்லை' என்று சொல்வதைவிட 'விதி இல்லை' என்று சொல்வது ஒரு தகப்பனுக்கு எளிது. அந்த எளிய சொல்லை அவருக்கு என் நாடகமும் எடுத்துக் கொடுத்தது. கட்டணத்துக்கு வழி தேடி நான் சிலரைக் கண்டு பேசி முடிப்பதற்குள், பையன் தோட்டத்தில் பழம் பொறுக்கும் வேலைக்குப் போய்விட்டான். பின்னர் அவன் பள்ளிக்குத் திரும்பவில்லை.

அந்நாடகத்தை இப்பொழுதும் எங்கள் பள்ளியில் நடிக்கிறோம். பஞ்சாங்கமும் கட்டமும் போய்விட்டன. ஒருவன் வந்து பொறியைக் கண்டு சொல்கிறான். இளங்கோ அவனைச் சினந்து நோக்குகிறான். பிறகு திரும்பி அண்ணன் முகத்தைப் பார்க்கிறான். முரசு அந்த இடத்தில்தான் அதிர்கிறது. ஆண்டுதோறும் ஆறாம் ஆண்டுத் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளின் வீடுகளுக்கு, பள்ளி திறப்பதற்கு ஒரு மாதம் முன்னரே நான் செல்கிறேன். முதலில் கேட்பது பேருந்துக் கட்டணத்தைப் பற்றித்தான்.